ஒரு பிரமுகர்

'பிரமுகர்' என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் நான்தான் மொத்த வியாபாரி. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் வரும் எட்டுப் பக்க இலவச இதழுக்கு ஆசிரியர் நான், யக்ஞநாராயணன். குளத்தை மூடினவர் பிரமுகர், நடைபாதையில் கடை கட்டினவர் பிரமுகர். பெயர் போடாமல் திட்டினால் பத்திரிகைக்கும் தைரியசாலி என்ற பேர், ஆசிரியரும் பத்திரம். பத்து வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

ஞானசௌந்தரி பால்வாடி டீச்சர். போன வாரம் கையால் எழுதின கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பால்வாடிக்கு வரும் தட்சிணாமூர்த்தியின் லாரித் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, கிணறு எது, லாரி எண் என்ன, எல்லாம் அதில் இருந்தது.

"என் பேரு மட்டும் வேணாம் சார். பொண்ணு இருக்கா" என்றார்.

"உங்க பேரு வெளிய வராது. நான் இருக்கேன்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

தட்சிணாமூர்த்தி பழைய ஊர்க்காரர். நெல் விளைந்த நிலத்தில் இப்போது அவருக்குக் கிணறுகள், கல்யாண மண்டபம், வரிசையாகத் தண்ணி லாரிகள். அவர் பெயரை அச்சில் போடும் தைரியம் எனக்கு ஏது? பெயரை வெட்டினேன். லாரி எண்ணை வெட்டினேன், கிணற்றையும் வெட்டினேன். 'ஒரு பிரமுகர்' என்று போட்டேன். 'எங்கள் பால்வாடியில் பதினொரு குழந்தைகளுக்கு வாந்திபேதி' என்ற வரியை மட்டும் தொடவில்லை. படிக்கிறவர் மனதை உருக்குகிற வரி, அதைப் போய் வெட்டுவார்களா? கீழே 'பெயர் வெளியிட விரும்பாத வாசகர்' என்று போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் போன் வந்தது.

"சார், தட்சிணாமூர்த்தி பேசறேன். பேப்பர் பாத்தேன். பிரமுகர்னு போட்டுகீறீங்க. மரியாதையாத்தான் கீது. ரொம்ப தாங்க்ஸ் சார்."

"அது... பொதுவா எழுதினது சார்."

"அட, நான் கோச்சிக்கவே இல்ல. பால்வாடி டீச்சரு நல்லா எழுதிகீது. நம்ம பக்கம் ரெண்டே பால்வாடி. அதுல ஒண்ணுல மொத்த புள்ளைங்களே எட்டுதான். பதினொண்ணுன்னா எதுன்னு எனக்கு எண்ணத் தெரியாதா இன்னா?" சிரித்தார். "அவங்க பொண்ணு அனுப்பிரியா, பெருங்களத்தூர்லதான காலேஜ் பஸ் ஏறுது? நல்ல பொண்ணு. வெச்சிடறேன் சார்."

போனை வைத்தேன். மனிதர் மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தால் போலீசிலாவது சொல்லலாம். தாங்க்ஸ் சொன்னவர்மீது என்னவென்று புகார் கொடுப்பது? எனக்கு ஆபத்தான எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டு, அந்த டீச்சரைக் காட்டிக்கொடுக்கிற ஒரே வரியை விட்டுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட பயம்தான் பெரிதாக இருந்தது.

ஸ்கூட்டரில் ஞானசௌந்தரி வீட்டுக்குப் போனேன். எதிரே டீக்கடையில் இரண்டு பேர் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். சும்மா நிற்கிறவர்களாகவும் இருக்கலாம். ஒருவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

"காலைலேர்ந்து நிக்கறாங்க சார்" என்றார் ஞானசௌந்தரி. "அனுவ காலேஜுக்கு அனுப்பல."

"டீச்சர், அடுத்த இதழ்ல மறுப்பு போட்டுடறேன். எந்தப் பால்வாடியையும் குறிக்கலைன்னு..."

"மறுப்பு போட்டா புள்ளைங்க வயிறு சரியாயிடுமா?" என்றார். "பேரு போடுங்க சார். அவர் பேரு, என் பேரு, ரெண்டும். யார் பேருமே இல்லாம கெடந்தா, நாளைக்கு எங்களுக்கு ஏதாவது ஆனாலும் 'யாரோ ஒருத்தர்'னு போட்டுட்டுப் போயிடுவீங்க."

"ஞாயித்துக்கிழமை பாக்கலாமே."

"அதுவரைக்கும் அவள உள்ளயே பூட்டி வெச்சிருக்கவா?"

கிளம்பிவிட்டேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் இதழின் ஃபேஸ்புக் குழுவில் அவருடைய பதிவு வந்து காத்திருந்தது. பதினாலாயிரம் பேர் இருக்கும் குழு. நான் அனுமதிக்காமல் அங்கே எதுவும் வெளியாகாது. அவர் பெயர், தட்சிணாமூர்த்தி பெயர், லாரி எண், கிணறு எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி: 'இதை முதலில் ஆசிரியர் யக்ஞநாராயணனிடம் கொடுத்தேன். அவர் பயந்துகொண்டு பெயரை எடுத்துவிட்டார். என் வீட்டெதிரே ஆள் நிற்பது அவருக்கும் தெரியும்.'

மூன்று பெயர்கள். அதில் என் கை வெட்டத் துடித்தது என் பெயரைத்தான். ஆனால் அடுத்தவர் பதிவில் ஓர் எழுத்தைக்கூட அங்கே மாற்ற முடியாது. அனுமதிக்கலாம், இல்லாவிட்டால் நிராகரிக்கலாம். நிராகரித்தால் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மனைவி அபிதகுஜாம்பாள் பின்னால் நின்று படித்தாள். "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள். பிறகு கடைசி வரியை மறுபடி படித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அனுமதித்தேன். தைரியம் வந்து செய்ததல்ல. அந்தப் பெண் காலேஜ் போகாமல் உட்கார்ந்திருப்பது என்னால்தான் என்பதை எந்தச் சொல்லைப் போட்டும் மழுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நிமிஷம் ஓடிப்போய் வாசல் கேட்டை இழுத்துப் பூட்டினேன். பூட்டைத் திருகும்போதுதான் உறைத்தது. ஞானசௌந்தரி வீட்டுக்குக் கேட்டே கிடையாது. கதவைத் திறந்தால் தெரு.