இடது கைப் பட்டை

பட்டை சார் என்று பெயர் வைத்தது அம்மாக்கள்தான். அவருடைய நிஜப் பெயரும் அதற்குப் பின்னால் நீளும் பட்டங்களும் சிகிச்சை மையத்து வாசல் பலகையில் இருந்தன. அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளையின் முறை வந்துவிடும், யாருக்குப் பொறுமை இருக்கிறது? வந்த முதல் நாளே ஒரு பெட்டி நிறையக் கைப்பட்டைகளை மேஜைமேல் கொட்டினார். அன்றோடு பட்டை சார் ஆகிவிட்டார்.

பட்டை ஒன்றும் பிரமாதமில்லை. கைக்கடிகாரத்தில் முள்ளையும் எண்ணையும் பிடுங்கிவிட்டால் என்ன மிஞ்சுமோ அதுதான். உள்ளே பொட்டளவு சென்சார் ஒன்று, கை அசைந்தால் எண்ணும். அந்த மையத்துக்கு வருகிறவர்கள் மூளைவாதப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு பட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரக் கடைசியில் உதவியாளர் அவற்றைக் கம்ப்யூட்டரில் செருகினால், எந்தக் கை எப்போது எவ்வளவு அசைந்தது என்று மேடும் பள்ளமுமாகக் கோடு வரும். மாத முடிவில் யாருடைய பலவீனமான கை முன்னைவிட அதிகம் அசைந்திருக்கிறதோ, அவர்களுக்குத்தான் தெரபிஸ்டின் நேரம் தொடரும். மற்றவர்கள் நடையைக் கட்ட வேண்டும். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்களாம்.

இதைக் கேட்டதும் வாலுவின் அம்மா முதலில் மகளின் இடது கையைத்தான் பார்த்தாள். வாலு அவளுடைய ஆறு வயது மகள். வாய்க்கு மட்டும் வாதம் கிடையாது, அதனால் அந்தப் பெயர். இடது கைதான் பிறந்ததிலிருந்தே மார்போடு மடங்கி, கட்டை விரலை உள்ளே பூட்டிக்கொண்டு கிடந்தது. தெரபிஸ்ட் அந்த விரல்களை மாதக்கணக்கில் கெஞ்சிக் கொஞ்சித் திறந்து, ஒரு டம்ளரைப் பிடிக்கப் பழக்கியிருந்தாள். பிடித்து, விடாமல், அசையாமல் வைத்திருக்க வேண்டும். வேலையை வலது கை பார்த்துக்கொள்ளும், இடது கை கூடமாட ஒத்தாசைக்கு இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. இன்னும் சட்டைப் பித்தான் பாக்கி, செருப்பு வார் பாக்கி. இந்த நேரம் பறிபோனால் அந்தக் கை பழையபடி பூட்டிக்கொள்ளும் என்று தெரபிஸ்டே சொல்லியிருந்தாள்.

முதல் இரண்டு வாரக் கோடு வந்தது. வாலுவின் வலது கைக்கு மலைத்தொடர், இடது கைக்குத் தரிசு நிலம். டம்ளரை ஆடாமல் பிடித்திருந்த நேரமெல்லாம், பட்டைக்கு அந்தக் கை தூங்கிக்கொண்டிருந்த நேரம். தெரபிஸ்ட் இதை எடுத்துச் சொல்லப் போனாள். அபிப்பிராயம் வேறு, தரவு வேறு என்று பட்டை சார் அவளுக்குப் பாடம் நடத்தி அனுப்பினார்.

அம்மா வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அவள் தம்பி சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன், அப்போதுதான் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தான். ஊர் வம்பில் எல்லாம் மூக்கை நுழைப்பவன் அக்கா வீட்டு விஷயத்தில் சும்மா இருப்பானா? அவன் இடது கைக்காரன் வேறு.

"கை ஆடணும், அவ்வளவுதானக்கா? அந்த இடது கைப் பட்டைய என்கிட்டக் குடு. ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிடறேன்."

முதலில் அவனைத் திட்டினாள். பிறகு பட்டையின் வாரில் அவன் மணிக்கட்டுக்கு ஓட்டை போதுமா என்று பார்த்தாள். கடைசி ஓட்டை சரியாக இருந்தது. வலது பட்டை வாலுவின் கையிலேயே இருந்தது.

மாதம் முடிந்தது. கூட்ட அறையில் பெற்றோரை உட்கார்த்தி வைத்து, பட்டை சார் சுவரில் வாலுவின் கோட்டைக் காட்டினார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஆரம்பிக்கிறது, மேலும் கீழும் மேலும் கீழும் என்று ஒரே சீராக. மத்தியானம் ஓர் இடைவேளை, மறுபடி சாயங்காலம் வரை. ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. ஒரு குழந்தைக்கு எப்பேர்ப்பட்ட ஒழுங்கு பாருங்கள் என்றார். அம்மாவுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. இடையிடையே சின்னச் சின்னதாக வேறொரு அசைவு வந்தது. மூளை புதிய பாதையைத் தேடுகிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார். தம்பி பீடி பிடிக்கிற நேரம் அது. வலது கை வீட்டில் பகல் தூக்கம் போடும்போது இடது கை வெட்டி முறித்திருந்ததே, அதையாவது சந்தேகப்பட்டாரா? பலமான கை பெருந்தன்மையாக ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறதாம். படித்தவர் படித்தவர்தான்.

வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள், சுவரில் கையை வைத்து மேலும் கீழும் தேய்ப்பாள் என்று. அதாவது, பொய்க்குப் பக்கத்தில் நின்ற உண்மையைச் சொன்னாள். பட்டை சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாலுவின் நேரம் தொடர்ந்தது. அம்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள், பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் மையத்துக்குப் போனால் நடைகூடம் முழுக்கப் பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்றார்கள். நிற்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியில். ஒவ்வொருத்தர் பின்னாலும் ஓர் அம்மாவோ அப்பாவோ, பிள்ளையின் பலவீனமான கையைப் பிடித்துச் சுவரில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய முறையாம். வீட்டிலும் காலை முதல் சாயங்காலம் வரை, மத்தியானம் இடைவேளை, ஞாயிறு ஓய்வு. பச்சைப் பிள்ளைகளுக்கு ஒரு பெயிண்டரின் வேலை நேரம், கூலி மட்டும் இல்லை.

வரிசைக் கடைசியில் கண்ணாடிக்காரி தன் மகனோடு நின்றாள். தடித்த கண்ணாடி போட்ட சாதுவான பெண், காத்திருக்கும் பெஞ்சில் வாலுவின் அம்மாவுக்குப் பேச்சுத் துணை. மகனுக்கு நாலு வயது. தோள் வீங்கியிருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் அழுதான், அழுகைக்குச் சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் கோணியது. வாலுவின் அம்மாவைப் பார்த்ததும் கண்ணாடிக்காரி கேட்டாள்.

"உங்க பொண்ணு அழ மாட்டாளா? என்ன பண்ணி அழாம பண்ண வைக்கறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன சொல்வாள்? சொன்னால் வாலுவின் இடம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பையனின் தோள் போகும். வாலுவைத் தெரபிஸ்டிடம் விட்டுவிட்டு, மணி முடியும்வரை அந்த நடைகூடத்தில் நடந்தாள். கடைசியில் கால்கள் அவளைக் கேட்காமலே கூட்ட அறைக்குள் போயின. அங்கே பட்டை சார் கண்ணாடிக்காரி முதலான பெற்றோருக்குப் புதிய முறையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அது என் பொண்ணு கை இல்ல. என் தம்பி கை. அவன் பெயிண்டர்."

பட்டை சார் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அப்படி நடக்க வாய்ப்பே இல்லை, பட்டை பொய் சொல்லாது என்றார். பட்டை சொல்லவில்லை சார், நான்தான் சொன்னேன் என்றாள். இப்போதே சோதித்துவிடலாம் என்று வாலுவைக் கூட்டிவரச் சொல்லி, இரண்டு மணிக்கட்டிலும் பட்டைகளைக் கட்டி, கோட்டைச் சுவரில் ஓடவிட்டார்.

வாலுவோடு வந்த தெரபிஸ்ட் ஒரு டம்ளரையும் தண்ணீர் பாட்டிலையும் வாலுவின் முன்னால் வைத்தாள். இடது கை மெல்லக் கீழே இறங்கியது. கட்டை விரல் யோசித்து யோசித்து வெளியே வந்தது. விரல்கள் டம்ளரைச் சுற்றி ஒவ்வொன்றாகப் படிந்தன, பிடித்துக்கொண்டன. வலது கை பாட்டிலைச் சாய்த்தது. சொட்டு சிந்தவில்லை. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பட்டை சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இடது கைக் கோடு கோணாமல் நேராகப் போனது.

"பாப்பா, இடது கையை ஆட்டு."

"ஆட்டினா கொட்டிடும்," என்றாள் வாலு.

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், உதவியாளரும்கூட. பட்டை சார் முதன்முறையாகத் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார், மேஜையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். போச்சு, மனிதருக்கு உறைத்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். கடவுளே, உறைத்துவிட்டது. அவர் அவள் பக்கம் திரும்பி, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

"பிடிச்சாம்மா. நானே பாத்தேன். ஆனா பதிவாகலையே."

அதற்குமேல் எல்லாம் மளமளவென்று நடந்தது. சுவர்ப் பயிற்சி நிறுத்தப்பட்டது, பெயிண்டரின் கையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பழக்குவது அறிவியல் அல்ல அல்லவா? நடந்த தவறுக்கு மூலகாரணம் பட்டையின் வார் என்று கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் கழற்றிவிடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் பூட்டு வைத்த வார் வரும், சாவி மையத்தில் இருக்கும் என்று பட்டை சார் அறிவித்தார். வாலுவின் இடது கை கணக்கில் பூஜ்யம். ஆகவே அவள் நேரம் காலி. அப்போதே, அந்த அறையிலேயே, அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தோள் வீக்கத்தால் தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு.

கண்ணாடிக்காரி வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தெரபிஸ்டின் பின்னாலேயே போய்விட்டாள்.

அம்மா வாலுவின் கைகளிலிருந்து பட்டைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கோபம் கோபமாக வந்தது. பட்டை சார்மேல் அல்ல, அவரிடம் அவள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரியின் மேல்தான். எப்படி வாங்கிக்கொள்ள மனம் வந்தது, இத்தனை நடந்தும்? வாசல் வரை திட்டிக்கொண்டே நடந்தாள். வாசலில் நின்றபோது, அவள் இடத்தில் இருந்திருந்தால் நாமும் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்தான் போயிருப்போம் என்று தோன்றியது. அதற்கும் சேர்த்து அவளை இன்னொரு தடவை திட்டினாள்.