பக்கத்து சீட்டிலிருந்து நீண்ட கை

அன்று காலை வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வெள்ளைப் பலகைக்கு முன்னால், மேஜை விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி மாஸ்டர். முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாகப் பல் டாக்டரம்மா. ஜன்னலோரம், ஹெல்மெட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பேக்கரிக்காரர். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து போய்விட வசதியாக மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

மாஸ்டரைத் தவிர மூவரும் புதுசு. அவரவர் சொந்தக் காரை எடுத்துவந்து, கார்ப் பந்தய ஓட்டப்பாதையில் ஒரு நாள் பயமில்லாமல் ஓட்டிப் பழகலாம் என்று பேர் கொடுத்தவர்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் வேகத்தில் ஆசை கிடையாது. அவர் ஓட்டிவந்தது போன வருஷம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த அண்ணனுடைய கார். அண்ணன் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தனியாகப் போகப்போகிறாள். "சித்தப்பா, நூறுல போனா ஆடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். பார்த்துச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"ஒரே சட்டம்தான்" என்றார் மாஸ்டர். "முன்னாடி போறவங்க ஜன்னல் வழியா கை காட்டினாத்தான் நீங்க தாண்டலாம். எந்தப் பக்கம் கை வருதோ அந்தப் பக்கமா. அதுவும் நேர் பாதையில மட்டும். வளைவுல கடவுளே கை காட்டினாலும் தாண்டக் கூடாது."

பேக்கரிக்காரர் சிரித்தார். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் சுற்றுகள் நன்றாகவே போயின. கார் ஆடவில்லை. பிரேக் சொன்ன பேச்சைக் கேட்டது. ஹெல்மெட் பக்கவாட்டுப் பார்வையை மறைத்ததால் கடைக்காரர் நேரே மட்டும் பார்த்து ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. தான் யாருக்கும் கை காட்டியதாக நினைவில்லை.

அடுத்து வந்தது இறுக்கமான வளைவு. டாக்டரம்மாவின் சிவப்புக் கார் கடைக்காரருக்கு இடப்பக்கமாகப் புகுந்து, சக்கரம் புல்லில் ஏறி, சுழன்று, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்க நின்றது. நிற்கச் சொல்லிச் சிவப்புக் கொடி ஆடியது. எல்லாரும் ஓரம் கட்டினார்கள்.

"ஏம்மா, அத்தனை சொல்லியும் வளைவுலயா தாண்டுவீங்க?" என்றார் மாஸ்டர்.

"நானா தாண்டல சார்." டாக்டரம்மா கண்ணாடிக்கடைக்காரரைச் சுட்டிக்காட்டினார். "அவர் பக்கத்துல இருக்கறவர் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். அவ்ளோ மரியாதையா கூப்பிட்டா எப்படிப் போகாம இருக்கறது?"

"அவர் பக்கத்துல யாரும் இல்லையே."

"எனக்கும் காட்டுனாருங்க" என்றார் பேக்கரிக்காரர். "முழுக்கைச் சட்டை, ரெண்டு மடிப்பு மடிச்சுவிட்டது. வாட்ச்ச உள்பக்கமா திருப்பிக் கட்டியிருந்தாரு. நான் பதிலுக்கு ஒரு சலாம் கூட வெச்சேன்."

கடைக்காரர் தன் காரின் காலி சீட்டைப் பார்த்தார். அண்ணன் காரை வாங்கினாரே தவிர, பயந்தாங்கொள்ளி. ஓட்டுவது எப்போதும் தம்பிதான். அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பின்னால் ஹாரன் கேட்டால் போதும், கையை வெளியே நீட்டிவிடுவார். "போகட்டும்டா, அவசரக்காரன் முன்னாடி போய்த் தொலையட்டும். நமக்கென்ன கல்யாணத்துக்கா நேரமாச்சு?" வளைவா, பாலமா, எதிரே லாரி வருகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார். வாட்ச்சை உள்பக்கமாகத்தான் கட்டுவார்.

இதை யாரிடம் சொல்வது?

"சரி, நானே உக்காந்து பாக்கறேன்" என்று மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். இரண்டு கைகளையும் முட்டிமேல் வைத்துக்கொண்டார். ஒரு சுற்று முடிவதற்குள், நேர் பாதையில் பேக்கரிக்காரர் இடப்பக்கமாகத் தாண்டிப் போனார். போகும்போது நன்றியாகத் தலையை ஆட்டினார். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் கைகள் முட்டிமேல்தான் இருந்தன. உடம்பு மட்டும் சீட்டோடு ஒட்டி ஒடுங்கியிருந்தது, நெரிசலான பஸ்ஸில் ஒருவர் மேலே சாய்ந்தால் ஒடுங்குவோமே, அப்படி.

வண்டி நின்றதும் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னைத் தாண்டித்தான் கை போச்சு சார். மேல சாஞ்சுட்டு. சோப்பு வாசனை கூட வந்துச்சு." பிறகு கண்ணைப் பார்க்காமல், "இனிமே நீங்க ஓட்ட வேணாம். வீட்டுக்குப் போங்க. ஜன்னல ஏத்திவிட்டுக்குங்க."

ஏற்றிவிட்டுத்தான் போனார். பட்டப்பகல். ஊருக்குள் நுழையும் பாலம் குறுகல். அங்கே யாரும் தாண்ட மாட்டார்கள். அன்று தாண்டினார்கள். வேன்காரர், ஆட்டோக்காரர், பின்னால் பிள்ளையை உட்காரவைத்த ஒரு ஸ்கூட்டர் அம்மா. எதிரே லாரிகள் ஹாரன் அடித்துப் பிரேக் போட்டன. தாண்டிய ஒவ்வொருவரும், மூடிய கண்ணாடிக்கு இப்பால் இருந்த காலி சீட்டைப் பார்த்து, நன்றி என்று கையை உயர்த்திவிட்டுப் போனார்கள்.

ஷெட்டில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு, கைகால் கழுவி, மேஜையில் உட்கார்ந்தார். போனில் சொல்லலாம். ஆனால் அண்ணி முதல் வாக்கியத்திலேயே குறுக்கே புகுந்துவிடுவார். இது குறுக்கே பேசவிடக்கூடிய விஷயமில்லை. பிரேக் சரியில்லை என்று எழுதினார். கிழித்தார். பிரேக் சரியில்லை என்றால் அண்ணி பிரேக்கை மாற்றுவார். இன்ஜின் சரியில்லை என்றால் இன்ஜினை மாற்றுவார். அண்ணன் மகள், பாப்பா, திங்கட்கிழமை இல்லாவிட்டால் அடுத்த மாதம் அந்தக் காரில் ஏறுவாள். பின்னால் வருகிற லாரிக்கு, வளைவில், அந்தக் கை அன்போடு வழிவிடும்.

புதுத் தாளில், உள்ளதை உள்ளபடி எழுதினார்.

"அண்ணிக்கு வணக்கம். காரில் ஒரு குறையும் இல்லை. நூறில் ஆடவில்லை. ஆனால் அண்ணன் உள்ளே இருக்கிறார், எப்போதும் உட்காரும் இடத்திலேயே. பழைய வழக்கத்தையும் விடவில்லை. நானும் இன்னும் மூவரும் சாட்சி. பாப்பாவுக்கு இந்தக் காரைக் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி."

பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். இதைப் படித்ததும் அண்ணி என்ன செய்வார்? பைத்தியம் என்று சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ஷெட் சாவியைக் கேட்டால்? ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்காத மனுஷி. அதற்கும் ஒரு வரி எழுதினார்: "நீங்கள் வருவதானால் சாவி தருகிறேன். வண்டியை மட்டும் கிளப்ப மாட்டேன்."

மடித்து உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். தபால் ஆபீசுக்கு நடந்தே போனார்.

"சாதாரணமா, விரைவா?" என்று கேட்டார் கவுன்ட்டர்காரர்.

"விரைவுதான். திங்கட்கிழமைக்கு முன்னாடி அவங்க கையிலயே கொடுக்கணும்."

கவுன்ட்டர்காரர் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த பைக்குள் எறிந்தார்.