மூன்று அங்குலக் குழாய்

"கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா காகிதக் காரின் பானட்டைத் தூக்கினார்.

பூய் யீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் சவப்பெட்டி மூன்று நாளாக வாசல் பந்தலில் இருந்தது. சீனர் வழக்கப்படி, இறந்தவருக்கான காகிதச் சாமான்களை ஆறு மணிக்கு எரித்தாக வேண்டும். பூசாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பெர்ச்சாம் மலைப்பக்கம் வானம் வேறு கறுத்துக் கிடந்தது. அந்த உலகத்தில் அப்பா குடியிருக்க ஒரு காகித வீடு, ஓட்ட ஒரு காகிதக் கார், இரண்டும் மதியமே வந்து இறங்கிவிட்டன. நெருப்பு வைப்பதுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து இவர் இன்ஜினைக் குடையக் கிளம்பிவிட்டார்.

"இப்ப அதை எதுக்கு சித்தப்பா திறக்கறீங்க?"

"உள்ள பாரு. இந்தக் குழாயை யாரு வைக்கச் சொன்னது?"

அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளித் தாளில் செய்த காற்றுக் குழாய், இன்ஜின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கார் பாதி அளவுதான். குழாய் மட்டும் அசல் அளவு, மூன்று அங்குலம்.

ஒன்பது வருடமாக அப்பா ஒரு பழைய இரண்டு கதவு வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகக் காற்றுக் குழாயை மாற்றுவதுதான் மிச்சம் என்றிருந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். "நான் வர்ற வரைக்கும் கைவைக்காதே" என்று போனில் சொன்னார். அப்பாவின் பட்டறையிலேயே பதினொரு வருடம் கிரீஸில் புரண்ட பூய் யீக்கு அது பிடிக்கவில்லை. அவர் வரும்போது வண்டி தயாராக நிற்கட்டும் என்று பழைய ஒல்லிக் குழாயைக் கழற்றி, மூன்று அங்குலத்தை மாட்டினாள். காற்றை அளக்கும் சென்சார் மட்டும் பழையதே. அதைப் பிடுங்கிப் புதுக் குழாயில் ஓட்டை போட்டுச் செருகினாள். அகலக் குழாயில் காற்று மெதுவாகப் போகும், பழைய சென்சார் அதைக் குறைவாகக் கணக்குப் பண்ணும், இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும் என்று அவளே வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். ஒரே ஒரு ஓட்டம்தானே என்று நினைத்துவிட்டாள். கோலகங்சார் டோல்கேட் வருவதற்குள் பிஸ்டன் உருகிவிட்டது.

அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் "ம்" என்றார். பிறகு கஞ்சி கேட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உயிரோடிருந்த ஏழு வாரமும் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாலு திட்டு திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அண்ணனோட இன்ஜினைக் கொன்ன குழாய் இது. இதையேவா மேல அனுப்புவாங்க?" கத்தரிக்கோலைத் தேடி எடுத்துவிட்ட சித்தப்பாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "நான் வெட்டி எடுத்துடறேன். இந்தப் பொண்ணு செஞ்ச வேலைக்கு அவரு அங்கயும் ரோட்டுல நிக்கணுமா?"

"வெட்டுங்க. அந்தக் கத்தரியாலயே என்னையும் வெட்டிப் போடுங்க. நிம்மதியாப் போகும்" என்றாள் பூய் யீ.

"கைய எடுங்க!"

காகிதக் கடைக்காரர் ஹியூ பசை டப்பாவோடு ஓடி வந்தார். "வெட்டினீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். அந்தக் குழாய்க்காக மட்டும் நான் மூணு தடவை வேலை பாத்திருக்கேன்."

"உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"வேற யாரு? உங்க அண்ணன்தான்."

சித்தப்பாவின் கத்தரி அந்தரத்தில் நின்றது.

"போன மாசம் ஆஸ்பத்திரிலேருந்து நேரா கடைக்கு வந்தாரு. தன்னோட வண்டியத் தானே ஆர்டர் குடுத்தாரு. முதல்ல நான் ஒல்லிக் குழாய் வச்சேன். ஆகாது, எம்பொண்ணு வச்சது மூணு அங்குலம், அதான் வேணும்னாரு. மாத்தினேன். மறுபடி வந்து சென்சாரைப் பாத்துட்டு, இது சின்னது, குழாய்க்குப் பொருந்தாதுன்னாரு. பேப்பர் வண்டிதானேன்னேன். பேப்பரா இருந்தா காத்து போகாதான்னு கேட்டாரு, மனுஷன்!" ஹியூ மூக்கை உறிஞ்சினார். "குழாய் அவ வச்சதே இருக்கட்டும், அவ கணக்கு சரிதான், அதுக்கேத்த சென்சாரைப் போடுன்னு சொல்லி, ஸ்டூலைப் போட்டு உக்காந்து செய்ய வச்சாரு."

பூய் யீ குனிந்தாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துக் குழாயின் வாயை அளந்தாள். விரல்களைக் கலைக்காமல் சென்சார் கூட்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள். மயிரிழை வித்தியாசமில்லை. சென்சாருக்குள்ளே இருக்க வேண்டிய கம்பிக்குப் பதில் ஒரு துண்டுச் சிவப்பு நூல்கூடக் கட்டியிருந்தது.

அவள் நேராகச் சவப்பெட்டியிடம் போனாள்.

"பேப்பர்க் கடைக்காரர்கிட்ட சொல்ல வாய் வந்துச்சு, இல்ல? என்கிட்ட சொல்லியிருந்தா பல்லு கொட்டிடுமா? ஏழு வாரம் அப்பா! ஏழு வாரம் கஞ்சி கஞ்சின்னு உசுர வாங்கினீங்களே!"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அப்பா வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

பூசாரி மணியடித்தார். எதிர்த் திடலில் காரையும் வீட்டையும் வைத்து, நடுவில் வேறு ஆவிகள் புகுந்து பறித்துக்கொள்ளாதபடி குடும்பத்தார் கைகோத்து வட்டமாக நின்றார்கள். பூய் யீயின் வலது கையைச் சித்தப்பா பிடித்திருந்தார்.

"மூத்தவ நீ. கூப்பிடும்மா" என்றார் மெல்ல.

நெருப்பு வைத்தார்கள். மற்ற வீடுகளில் இறந்தவரை "வந்து வாங்கிக்கங்க" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்பா! வண்டி ரெடி!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "சென்சார் சரியா இருக்கு! இன்ஜின் சூடாகட்டும், எடுத்ததுமே மிதிச்சுத் தொலைக்காதீங்க!"

தீ காரின் மேல்கூரையில் பிடிக்கவில்லை, சக்கரத்தில் பிடிக்கவில்லை. பானட் சுருண்டு திறந்துகொள்ள, அந்தக் குழாயின் வாய் வழியாகத்தான் விறுவிறுவென்று உள்ளே போனது.

பூய் யீ, பட்டறையில் செய்வதுபோலவே, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.