நனையாத சூத்திரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கூட்டத்தில் கிடைத்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதைகள் கனவிலோ கடற்கரையிலோ கிடைப்பதாகத்தான் எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்தது துனீசியாவின் தென்மேற்கில், பாஸ்பேட் தின்று வளர்ந்த உம் ஹஜர் என்னும் ஊரில், சுரங்கப் பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்குழுக் கூட்டத்தில். பேராசிரியர்களின் கட்டுரைகளுக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுப்பது என் உத்தியோகம். கூட்டங்களில் எனக்கு நாற்காலி உண்டு, வாய் கிடையாது. அன்றும் தூங்கிவிடாமலிருக்க ஒட்டகம் வரைந்துகொண்டிருந்தேன். அப்போது பேராசிரியர் மப்ரூக்கா எழுந்து நின்று தன்னைத்தானே தோற்கடிக்க ஆரம்பித்தார். ஒட்டகம் இன்றுவரை மூன்று காலோடு நிற்கிறது.

கதையாக எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"எழுது. ஆனா என்னைய ஒல்லியா எழுது."

மப்ரூக்கா ஒல்லியானவர்.*

(* பொய்.)

2

முதல் தொடக்கம்: "பாஸ்பேட் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—"

வேண்டாம். சூரியன் எல்லாக் கதையிலும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "நிலத்தடியின் அடர்ந்த இருளில் தனியே ஒரு பெண்—"

இதைப் படித்துவிட்டு மப்ரூக்கா, "இருட்டு எங்கய்யா இருந்துச்சு? தலையில வெளக்கு மாட்டியிருந்தேன்ல?" என்றார். அதுவும் போயிற்று.

ஆகவே நேராகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் முன்பு பாஸ்பேட்டை மலைக்கடியில் குடைந்துதான் எடுத்தார்கள். கூரை தலையில் விழாமலிருக்க, இடையிடையே கொஞ்சம் பாறையைத் தோண்டாமல் தூண்களாக விட்டுவைப்பார்கள். பாஸ்பேட் தீர்ந்தது, ஆட்கள் வெளியே வந்தார்கள். தூண்கள் மட்டும் கீழே நின்று மேலே இருப்பதைச் சுமந்துகொண்டிருக்கின்றன. எத்தனை காலம் சுமக்கும்? இந்தக் கேள்வியைத்தான் மப்ரூக்கா இளம் விரிவுரையாளராக இருந்தபோது கட்டிக்கொண்டார். பிறகு வேறு எவரையும் கட்டிக்கொள்ளவில்லை.

பெண் நுழைந்தால் கூரை இடிந்துவிடும் என்று சுரங்க வாசலில் மேஸ்திரி ஒருவர் கையை விரித்து மறித்தாராம்.

"மேல இருக்கிற பாறைக்கு நான் ஆம்பளையா பொம்பளையான்னு எப்படித் தெரியும்? பேரக் கேட்டுட்டா விழும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். கூரை விழவில்லை. சிலருக்கு அதில் மனவருத்தம்.

பல கோடைகள் உள்ளேயே கழிந்தன. ஒவ்வொரு தூணையும் அளந்தார். துண்டு வெட்டி வந்து கல்லூரி இயந்திரத்தில் நசுக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு சூத்திரம் பிறந்தது. ஊரின் மேற்குப் பக்கத் தூண்கள் இன்னும் பல தலைமுறைக்கு அசையாது என்றது அது. வெளிநாட்டுச் சஞ்சிகை வெளியிட்டது, பாடநூல்கள் அதற்கு அவர் பெயரைச் சூட்டின, மப்ரூக்கா பேராசிரியர் ஆனார்.

[இங்கே கல்வித்துறை பற்றி ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். சுருக்கம் இதுதான்: விரிவுரையாளர் சுரங்கத்துக்குப் போவார், பேராசிரியர் சுரங்கம் பற்றிய மாநாட்டுக்குப் போவார். மாநாட்டில் தூண்கள் திரையில் நிற்கும், பக்கத்தில் பலகாரம் இருக்கும். மப்ரூக்காவும் அந்தத் தூண்களுக்குப் பழகிப்போனார்.]

3

அடுத்து ஹாத்தெம். இவனை வில்லனாக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வரைவில் மீசை கொடுத்துப் பார்த்தேன். இன்னொன்றில் ஓட்டுநரைத் திட்ட வைத்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. அவன் மப்ரூக்காவின் பழைய மாணவன், இப்போது கல்லூரியின் டீன், மோசமான ஆளும் அல்ல. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தகரக் கூரை. ஆகஸ்டில் உலையை மூட்டாமலே வேலை நடக்கும். ஒரு நல்ல கட்டடத்துக்காகத் தலைநகரத்து அலுவலகங்களில் நடையாய் நடந்து, அவன் நிதி வாங்கி வந்திருந்தான். கல்லூரிக்குச் சொந்தமான காலி நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊரின் மேற்குப் பக்கம்.

லப்லாபிக் கடையில், கடலைச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி விஷயத்தைச் சொன்னான்.

"மேடம், கட்டடத்துக்குப் பேரு என்ன தெரியுமா? மப்ரூக்கா ஆய்வுக்கூடம்."

"செத்தவங்க பேரத்தானடா வைப்பாங்க?"

"நீங்க இந்த வருசம் ஓய்வு பெறுறீங்கல்ல. கல்லூரிக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான்."

மப்ரூக்கா கரண்டியால் அவன் கையில் ஒரு போடு போட்டார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், பார்த்தேன். பாறையைப் பற்றிப் பேசும்போது வரும் மலர்ச்சி இல்லை, இது வேறு.

4

அடிக்கல் நாட்டு விழா மலருக்குப் படம் வேண்டும் என்றார்கள். இளமையில் அளந்த தூணுக்குப் பக்கத்தில், அதே பேராசிரியர். இந்த யோசனை யாருடையது என்று கதைக்காக விசாரித்தேன். மப்ரூக்காவுடையது. "அத எழுதாத" என்றார். எழுதிவிட்டேன்.

காமிராவைத் தூக்க நான் போனேன். காலை வெயிலுக்கு அவர் குடை பிடித்து வந்தார். குன்றின் சரிவில் சுரங்க வாய். கம்பிக் கதவைத் திறந்தால் முதல் சில தூண்கள் காய்ந்து கம்பீரமாக நிற்கும். மாணவர்களை அங்கே நிறுத்தித்தான் பாடம் நடக்கும். மப்ரூக்காவின் தூண்கள் இன்னும் உள்ளே, கல்லூரியின் அந்தக் காலி நிலத்துக்கு நேர் கீழே. அவ்வளவு தூரம் யாரும் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

போகப் போக என் செருப்புச் சத்தம் மாறியது. முதலில் சரசரப்பு, பிறகு சப்பு சப்பு.

"தண்ணி இருக்கே," என்றேன்.

"இங்க தண்ணி கிடையாது," என்றார் மப்ரூக்கா, தண்ணீரில் நின்றபடி.

கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேலே, நிலத்தை ஒட்டிய மேட்டில் புதிது புதிதாக வீடுகள் வந்திருந்தன. அவற்றின் ஓட்டைக் குழாய்களும் கழிவுக் குழிகளும் ஆண்டுக்கணக்காகக் கீழே கசிந்து வந்திருக்கின்றன. விளக்கைத் திருப்பினார். சிவப்புச் சாயத்தில் 'மீம்' என்ற அரபி எழுத்து, அவர் பெயரின் முதலெழுத்து, ஒரு தூணில் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்று தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"எடு."

சாய்ந்து நிற்க வசதியாகக் குடையைத் தூணில் ஊன்றினார். குடை உள்ளே போனது. முனை மட்டுமல்ல, பாதிக் குடை, ரொட்டியில் கத்தி இறங்குவதுபோல.

நான் காமிராவை இறக்கினேன். அவர் குடையை உருவி, இன்னொரு பக்கம் குத்தினார். அங்கும் போனது. அடுத்த தூணுக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். பாஸ்பேட்டுக்கு இடையில் இருந்த களிமண் அடுக்கெல்லாம் ஊறிக் குழைந்திருந்தது. சூத்திரத்துக்காக அவர் நசுக்கிய துண்டுகள் அத்தனையும் உலர்ந்தவை. நனைத்துப் பார்க்க அன்று தோன்றவில்லை. பாலைவனத்தில் எவனுக்குத் தோன்றும்?

கடைசித் தூணின் முன்னால் நின்று, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல், "பாவி! இத்தன வருசமா உன் பேரச் சொல்லித்தான சாப்பிட்டேன்?" என்றார்.

பிறகு குரல் தாழ்த்தி என்னிடம்: "மெதுவா நட. தும்மாத."

5

இதோ அந்தக் கூட்டம். அமைச்சர் வர நாள் குறித்தாகிவிட்டது. அடிக்கல் செதுக்கியாகிவிட்டது, அவர் பெயருடன். எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"இந்தச் சூத்திரம் தப்பு," என்றார் மப்ரூக்கா. "எழுதினவள எனக்கு நல்லாத் தெரியும். திமிர் பிடிச்சவ."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பது புரிய நேரமாயிற்று.

தலைமை நாற்காலியிலிருந்து ஹாத்தெம், "மேடம், உங்க கட்டுரைய வெளிநாட்டு நிபுணருங்க ஆராஞ்சு ஒத்துக்கிட்டாங்க. இன்னிக்கு நீங்க சொல்றத யாரு ஆராஞ்சா?" என்றான்.

"என் குடை."

"வெளையாடாதீங்க. இந்த நிலத்த விட்டா வேற நிலம் இல்ல. கட்டலைன்னா பணம் திரும்பிடும். நாங்க எந்த மப்ரூக்காவ நம்புறது? அன்னிக்கு எழுதினவங்களையா, இன்னிக்குப் பேசுறவங்களையா?"

"கெழவிய நம்பு. அவளுக்கு இனிமே பதவி உயர்வு கிடையாது."

இந்த இடத்தில் கதை அவருடைய வெற்றியை நோக்கிப் போகிறது என்று நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஆனால் ஹாத்தெம் மைக்கை அணைத்துவிட்டு, சாதாரணக் குரலில் பேசினான்.

"ரெண்டாம் வருசப் பரீட்சையில நான் என்ன எழுதினேன்னு ஞாபகம் இருக்கா மேடம்? 'தூண் நனைஞ்சா என்ன ஆகும்?'னு விடைத்தாள்லயே கேட்டிருந்தேன். முட்டை போட்டீங்க. பக்கத்துல, 'கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது'ன்னு எழுதினீங்க. அன்னியிலேருந்து கேட்டதுக்கு மட்டும்தான் பதில் எழுதுறேன். அப்படித்தான் இந்த நாற்காலிக்கே வந்தேன்."

மப்ரூக்கா உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தபடியே சொன்னார்:

"இப்ப மார்க் போடறேன்டா. முழு மார்க்."

"வேணாம் மேடம். நான் பாஸானா கட்டடம் போயிடும்."

ஹாத்தெம் எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினான்.

"குடையக் குடுங்க."

6

[உள்ளே அவன் என்ன பார்த்தான் என்பதற்கு இந்த இடத்தை ஒதுக்கியிருந்தேன். தனியாகத்தான் போனான், விழாவுக்குத் தைத்த கோட்டோடு. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எனக்கு அன்று தும்மல் இருந்தது. அவனுடைய மனவோட்டத்தை நான்கு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன்.]

வாசலில் நானும் மப்ரூக்காவும் காத்திருந்தோம். அவன் வெளியே வந்தபோது இடுப்புவரை சேறு, கையில் ஒன்றுமில்லை.

"குடை எங்கடா?"

"உள்ளயே விட்டுட்டேன். கைப்பிடிவரைக்கும் போயிடுச்சு. இழுக்கப் பயமா இருந்துச்சு."

அங்கேயே நின்று தலைநகரத்துக்குத் தொலைபேசி போட்டான். "நிலம் சரியில்ல" என்றான். எதிர்முனையில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். "ஆமா, அவங்களேதான் சொன்னாங்க. நானும் சொல்றேன்" என்றான்.

7

நிதி கடலோரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போனது. அடுத்த டீன் தேர்தலில் ஹாத்தெமின் நாற்காலியும் போனது. தகரக் கூரைக்குக் கீழே வேர்க்கும் மாணவர்கள் மப்ரூக்காவையும் ஹாத்தெமையும் சேர்த்தே திட்டுகிறார்கள். அடிக்கல்லைப் பின்பக்கம் திருப்பிப்போட்டு, சிற்றுண்டிச்சாலையில் வெங்காயம் நறுக்குகிறார்கள்.

நிலம்? அப்படியே இருக்கிறது. வேலி போட்டார் மப்ரூக்கா. டாக்சி ஓட்டுநர்கள் அதை வெட்டிவிட்டு சாயங்காலங்களில் கால்பந்து ஆடுகிறார்கள். "மேடம், இன்னும் நிக்குதே!" என்று குதித்துக் காட்டுகிறார்கள். "குதிக்காதீங்கடா தடியனுங்களா!" என்று இவர் கத்துகிறார்.

முடிவுக்கு வருவோம். ஒரு வரைவில் நிலத்தை இறக்கிவிட்டேன். இரண்டு பத்தியில் ஆட்டக்காரர்கள், பந்து, தூசி எல்லாம் உள்ளே போயின. வாசகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தானே! மப்ரூக்காவிடம் படித்துக் காட்டினேன். கோபத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் ஜெயிக்கணும்னு அவனுங்கள கொல்லுவியா? இவ்வளவு காலம் நான் சொன்னது சரின்னு நிரூபிக்கத்தான் ஓடினேன். இப்ப தினம் எந்திரிச்சதும், இன்னிக்கும் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அத எழுது."

இன்னொரு வரைவில் நிலத்தை என்றென்றைக்கும் நிற்க வைத்தேன். அதை ஹாத்தெமிடம் காட்டினேன். "அப்ப நான் எதுக்கு அந்தப் போனைப் பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டான்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மப்ரூக்காவும், வெறும் விரிவுரையாளரான ஹாத்தெமும் வாரம் தவறாமல் அந்த நிலத்தின் மட்டத்தை அளக்கிறார்கள். யாரும் கேட்காத வேலை. வேலிக்கு வெளியே பாறைமேல் கருவியை நிறுத்தி ஹாத்தெம் கண்ணை வைப்பான். மைதானத்தின் நடுவில் அளவுகோலைப் பிடித்து நிற்பது மப்ரூக்கா. "நடுவுல நான் போறேன்" என்று அவன் ஒவ்வொரு முறையும் சொல்வான். "நீ இன்னும் கேள்வி கேக்க வேண்டிய ஆளு. இங்கயே நில்லு" என்று அவர் நடந்துவிடுவார்.

இன்று காலையும் போனார்கள். நானும் போனேன். அவர் நடுவில் போய் நின்று கோலை நிமிர்த்திப் பிடித்தார். ஹாத்தெம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தான்.

"என்னடா, எவ்வளவு?" என்று அங்கிருந்து கத்தினார் மப்ரூக்கா.

அவன் வாயைத் திறந்தான். அந்த எண்ணைச் சொல்வதற்கு முன்னால் நான் பேனாவை மூடிவிடுகிறேன். நீங்கள் ஒன்று சொல்லுங்கள். சொல்லுமுன் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.