இல்லாத பிரேக்

இரண்டு வருடம் கழித்து மனைவியோடு பேத்தியைப் பார்க்க வந்த மாஸ்டரை, மருமகள் காரின் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவர் எதிர்பார்க்காத தண்டனை.

"அத்தை பாப்பாகூடப் பின்னாடி இருக்கட்டும் மாமா. பார்க்குக்குப் போயிரலாம்."

குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. 'மாமா' மட்டும் மிச்சமிருந்தது. விவாகரத்துத் தீர்ப்பில் அதை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள் போல.

முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்தவர். அவர் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும்; பழகுகிறவர்கள் தடுமாறினால் இவர் மிதிப்பார். மருமகளுக்கும் வண்டி பழக்கியவர் அவர்தான். "என் மருமக ஓட்டினா தண்ணி டம்ளர் தளும்பாது" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்த அதே வாய், குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் கூண்டேறி, "அந்தப் பொண்ணு கண்ணு மண்ணு தெரியாம ஓட்டும், குழந்தைக்கு ஆபத்து" என்றது. மகனின் வக்கீல் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளைப் பாசம் என்பார்கள். பச்சைப் பொய் என்றும் ஒரு பெயர் உண்டு. நீதிபதி நம்பவில்லை. குழந்தை தாயிடம் போனது. மகனோ மாதம் ஒரு போனோடு கடமையை முடித்துக்கொண்டு வேறு ஊரில் சௌக்கியமாக இருக்கிறான். வெட்கத்தை விட்டுக் கடிதம் எழுதியது பாட்டிதான். 'சனிக்கிழமை பத்து மணி. ஒரு மணி நேரம். அப்புறம் யோசிக்கிறேன்' என்று பதில் வந்தது.

பின்சீட்டில் பேத்தி, பல் விழுந்த ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இது வழியா நாக்கு வரும் பாட்டி."

"அடி போக்கிரி! எங்க, இன்னொரு தரம்?"

திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்த பிறகுதான் உறைத்தது. அவள் முன்பே வேகத்தைக் குறைத்து, சைக்கிளுக்கு வழிவிட்டு அமைதியாக நின்றிருந்தாள். கோர்ட்டில் வாயால் சொன்னதை இப்போது காலால் சொல்லியாயிற்று. இனி எந்தச் சனிக்கிழமை?

"அங்க பிரேக் இல்ல மாமா."

"எனக்குத் தெரியும்மா. இந்தக் காலுக்குத்தான் தெரியல." அவள் பக்கம் திரும்பினார். "நீ நல்லா ஓட்டுற. அன்னைக்கும் நல்லாத்தான் ஓட்டின. நான்தான் பொய் சொன்னேன்."

"இதச் சொல்ல ரெண்டு வருஷமா?" என்றாள் பாட்டி. "இந்த மனுஷன் வாய் எப்பவும் ஃபர்ஸ்ட் கியர்தான்."

பேத்தி ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டை ஒரு கணம் பார்த்தாள். பார்க் வாசல் வந்தது. வண்டி நிற்கவில்லை.

"பாப்பா, இன்னொரு ரவுண்டு போலாமா?"

"போலாம்!"

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கிக்கொண்டார்.

"ஐய, தாத்தா சம்மணம் போட்டுட்டாரு!"

அடுத்த திருப்பம் வந்தது. கீழே, வெறும் தரையில், ஜோடியாகக் கிடந்த செருப்பு இம்மியும் நகரவில்லை.