இடது கைத் திருநீறு

மாதவராஜ் சிரித்துக்கொண்டே வந்ததுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு வருஷமாக என் முகத்தில் முழிக்காத கொழுந்தனார் அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு என் காட்டுக்கு வந்து, தக்காளி பறித்துக்கொண்டிருந்த என் முன்னால் நின்றான்.

"அண்ணி, ஒரு படம் கெடச்சிருக்குங்க. நம்ம வேடியப்பன் கல்லு படம். சினிமா வந்த புதுசுல ஒரு வெள்ளக்காரன் எடுத்தது. பெரியதனக்காரர் வூட்டு டிவியில போடறோம், வாங்க."

"அதுக்கு நான் எதுக்கு?"

"வண்டித்தடம் தெரியுதுங்க அதுல."

குரலில் தேன் ஒழுகியது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது ஒரு கம்பி வேலி. அவன் காடு தார்ச்சாலையை ஒட்டி இருக்கிறது, என் காடு அதற்குப் பின்னால். பாலக்கோடு மண்டிக்குப் போகிற குட்டியானைச் சரக்கு வண்டி என் தக்காளியை ஏற்ற வேண்டுமென்றால் அவனுடைய கிணற்று மேட்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி இருந்தவரை வந்துகொண்டுதான் இருந்தது. அவர் போன மறு வருஷம் என் மோட்டார் ஒயரைச் செம்புக்காக எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். எவனோ என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நடுத்தெருவில் நின்று மாதவராஜ் பெயரைத்தான் சொன்னேன். பிற்பாடு வேறு ஊர் ஆட்கள் பிடிபட்டார்கள், ஆனால் அதற்குள் அவன் வேலி போட்டுவிட்டான்.

போட்டதோடு விட்டானா? எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பன் கல்லுக்கு முன்னால் ஊரைக் கூட்டி, சூடம் கொளுத்தி, "கெணத்து மேட்டுல ஆதியில வண்டித்தடம் இருந்துச்சுன்னு யாராச்சும் காட்டுங்க, அன்னிக்கே வேலியப் புடுங்கறேன். காட்டாத வரைக்கும் வேலி நிக்கும். இந்தக் கம்பிய நான் தொட மாட்டேன்" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தான். எங்கள் பக்கம் வேடியப்பன் முன்னால் சூடம் அணைத்தால் அதோடு முடிந்தது. அப்பன் பிள்ளை யாருக்காகவும் அதை மாற்ற மாட்டார்கள்.

அன்றிலிருந்து நான் தக்காளி கிரேட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து, ஏரிக்கரைக் கருவேல முள்ளுக்குள் நடந்து சாலைக்குப் போகிறேன். கூலிக்கு ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். போன மகசூலில் பாதி முள்ளுக்கும் வெயிலுக்கும் போனது. இந்த மகசூலும் அப்படிப் போனால் காட்டைத் தரிசாகப் போட வேண்டியதுதான். அதனால் எத்தனை சந்தேகம் இருந்தாலும் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினேன்.

ஊர்ப் பெரியதனக்காரர் கோவிந்தன் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. டிவிக்குப் பக்கத்தில் மாதவராஜின் மகன் குரு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற பையன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அவன் நெற்றி வேர்த்திருந்தது. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

"அப்பல்லாம் படமே ஒரு நிமிஷந்தாங்க பெரியம்மா," என்றான் என்னைப் பார்க்காமல். "கதை கெடையாது, பேச்சு கெடையாது. சந்தை, திருவிழா, ஆத்துல மாடு குளிக்கறது, எதுவா இருந்தாலும் பொட்டியோட கைப்பிடியச் சுத்திச் சுத்தி எடுத்துருவாங்க. வெளிநாட்டு மியூசியத்துல கெடந்துச்சு, இப்பத்தான் நெட்ல ஏத்தியிருக்காங்க. தர்மபுரி ரோடு, பொங்கல் வெக்கற கல்லுன்னு போட்டிருந்துச்சு."

படம் ஓடியது. கோவிந்தன் வீட்டம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். வராத சத்தம் எங்கிருந்து வரும்? திரையில் ஆட்கள் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்கள் மாதிரி வெடுக்கு வெடுக்கென்று நடந்தார்கள். நடுவில் எங்கள் வேடியப்பன் கல். தகரக் கூரை இல்லை, டைல்ஸ் இல்லை, வெறும் கல். பூசாரி ஒருவர் திருநீறு கொடுக்க, வரிசையாக வந்து வாங்கினார்கள். ஒரு கிழவி மட்டும் திருநீற்றை விட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, படம் எடுக்கிற பெட்டியையே முறைத்தாள். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

கல்லைப் பார்த்து நின்றால் நமக்கு இடப்பக்கம் மாதவராஜின் கிணற்று மேடு, வலப்பக்கம் ஏரி. ஊரில் குழந்தைக்கும் இது தெரியும். படம் முடியப் போகிற நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது. கல்லுக்கு இடப்பக்கமாக, ஆழமாகப் பதிந்த தடத்தில், ஆடி அசைந்து போனது.

"கெணத்து மேடு!" என்று கூடமே கத்தியது.

கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தடம் இருந்திருக்குது. என்ன சொல்ற மாதவராஜூ?"

"ஒத்துக்கறனுங்க. நாளைக்கே வேலிய எடுத்துடறேன்."

அவ்வளவுதான். ஒரு முனகல் இல்லை, ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழம் வரப்புக்கு வெட்டுக்குத்து நடக்கிற ஊர் இது. இதில் ஒருவன் தானாகப் படத்தைத் தேடிக் கொண்டுவந்து, தானாகத் தோற்று, சிரிக்கவும் செய்கிறான் என்றால் உள்ளே என்ன வைத்திருக்கிறான்? இன்றைக்கு வழியைக் கொடுத்துவிட்டு நாளைக்கு அந்தக் கிணற்றில் எனக்கிருக்கிற பங்கைக் கேட்பானோ? இதே படத்தைக் காட்டி என் காட்டில் பாதி அவனுடையது என்பானோ? செத்தவர்களைப் போனிலேயே எழுப்பி ஆடவைக்கிற காலம் இது. பெங்களூர்ப் பையனுக்கு ஒரு மாட்டுவண்டியை ஓட்டிவிடுவது பெரிய வேலையா?

"குரு, இன்னொரு வாட்டி போடு," என்றேன்.

"எதுக்குங்க பெரியம்மா? பார்த்தாச்சுங்களே."

"போடுடா."

அவன் அப்பனைப் பார்த்தான். மாதவராஜ் கண்ணாலேயே ஏதோ சொன்னான். அது எனக்குப் போதாதா? இந்த முறை நான் வண்டியைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். பூசாரி குனிகிறார், திருநீற்றை அள்ளுகிறார், கொடுக்கிறார்.

"நிறுத்து! எல்லாரும் அந்தக் கையப் பாருங்க. பூசாரி பீச்சாங்கையில திருநீறு குடுக்கறாரு. வாங்கறவன் பீச்சாங்கைய நீட்டறான், பீச்சாங்கையிலயே நெத்தியில பூசறான். ஒருத்தன்னா சரி, ஊரே பீச்சாங்கையா? சாமி திருநீற எவனாச்சும் அந்தக் கையில வாங்குவானா? இது கம்ப்யூட்டர்ல பண்ண பித்தலாட்டம். அப்பனும் மவனும் சேர்ந்து என்னை ஏமாத்தப் பாக்கறாங்க!"

நின்ற படத்தில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"குரு," என்றார் கோவிந்தன். "நெசத்தச் சொல்லு."

பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. "படம் நெசந்தாங்க தாத்தா. வேற ஒண்ணும் பண்ணல. கண்ணாடியில தெரியற மாதிரி எடம் வலமாத் திருப்பிட்டேன், அவ்வளவுதாங்க."

"நேரா இருக்கறதப் போடு."

போட்டான். பூசாரி வலது கையால் திருநீறு கொடுத்தார். வலது கையால் வாங்கினார்கள். கிழவி அதே மாதிரி முறைத்தாள். மாட்டுவண்டி கல்லுக்கு வலப்பக்கமாக, ஏரிப் பக்கமாக, ஆடி அசைந்து போனது. கிணற்று மேட்டில் வண்டித்தடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கோவிந்தன் தாடையைத் தடவினார். "ஏண்டா மாதவராஜூ, நேரா போட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்ப. இதப் போயி எதுக்குடா திருப்பின?"

மாதவராஜ் தரையைப் பார்த்தபடி பேசினான். "சூடம் அணைச்சுட்டனுங்களே மாமா. அண்ணி தலையில சொமந்துக்கிட்டு அந்த முள்ளுக்குள்ள போறத தெனமும் பாக்கறேன். வேற எப்படிங்க அந்த வேலிய எடுக்கறது?"

எனக்கு அந்தக் கூடத்துத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. திருட்டு இருக்கிறது என்று மோப்பம் பிடித்தேன், இருக்கத்தான் செய்தது. அது எனக்காகச் செய்த திருட்டு என்பது மட்டும் என் மூக்குக்கு எட்டவில்லை. அந்தப் படத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வழி என்னுடையதாகியிருக்கும்.

"எல்லாரும் பாத்தாச்சு," என்றார் கோவிந்தன். "இனி சத்தியத்த மாத்த முடியாது. வேலி நிக்கட்டும்." என்னை அவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிரேட்டுகளை வரப்போரம் அடுக்கிவிட்டு, சும்மாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சாலையில் குட்டியானை வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மாதவராஜ் வந்து நின்றான். கம்பியில் படாமல் இரண்டு கைகளையும் அதற்கு மேலே நீட்டினான்.

"குடுங்க அண்ணி. கம்பியத் தொட மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். தக்காளியத் தொட மாட்டேன்னு பண்ணல."

இதிலும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தேன். என் புத்தி அப்படி. அப்புறம், அன்றைக்குத் தெருவில் நின்று பழி சொன்னதற்கு ஈடாக, ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஒயர நீ அறுக்கல தம்பி."

நீட்டிய கைகளை அவன் இறக்கவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் சூடமே கொளுத்தியிருக்க மாட்டனுங்க அண்ணி," என்றான்.

முதல் கிரேட்டை இரண்டு கைகளாலும் தூக்கி, கம்பிக்கு மேலாக அவனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு கிணற்று மேடு வழியாக வண்டியை நோக்கி நடந்தான். நான் அடுத்த கிரேட்டைத் தூக்கினேன்.