துணி சுற்றாத பென்சில்

நைனா என்னைக் காலேஜுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம் பயம். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் வருகிறவர்கள் மூத்தவள் எங்கே என்று கேட்பார்கள். மூத்தவள் எல்லம்மாள் செங்கல்பட்டுக்கு வெளியே குஷ்டரோக ஆஸ்பத்திரியில் இருந்தாள், எட்டு வருஷமாக. பெங்களூரில் ஒரு டாக்டர் வீட்டில் வேலை செய்கிறாள் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தோம். சின்னவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள், கேள்வியும் வராது. அப்படித்தான் திருவிடந்தையில் சவுக்கும் வேர்க்கடலையும் போடுகிற எங்கள் நைனா உலகநாதன் வீட்டில் முதல் பி.ஏ. நான். அக்காவின் நோயில் வாங்கிய பட்டம். யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவளுக்கு நோய் என்று முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்ததைப் பார்த்துக் கத்தினேன். "இன்னாடி கத்தற?" என்றாள். அப்போது எனக்குப் பதிமூன்று, அவளுக்குப் பத்தொன்பது. அம்மா அதற்கு முன்னமே போய்விட்டாள். அடுத்த வாரம் நைனா அக்காவை விடியற்காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தனியாக வந்தார்.

எழுபத்தாறில் எனக்குச் செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அக்காவைப் பார்க்கப் போவேன். அவளுடைய வலது கையில் மடங்கிப்போயிருந்த விரல்களுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. நிமிர்த்திய விரல்கள் மறுபடி மடங்காமலிருக்க வேலை கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி கொடுப்பவர் மோசஸ். அவரும் பழைய நோயாளிதான், இரண்டு விரல் குட்டை. கலர் அடிப்பது விரலுக்கு நல்லது என்று குழந்தைகள் வார்டுக்கு வந்த தாள்களையே பெரியவர்களுக்கும் கொடுப்பார். தாமரை, மாம்பழம், குடம்.

"நான் இன்னா பால்வாடி புள்ளயா?" என்று அக்கா தாளைத் தள்ளிவிட்டாள்.

"மாம்பழம் வேணாம்னா தாமரை அடி," என்றார் மோசஸ்.

"தாமரை அடிச்சி அடிச்சி எனக்கு முளைச்சிடும் போலக் கீது," என்றாள் பக்கத்துக் கட்டில் முனியம்மா. அறுபது வயசு. ஒரு கையில் விரலே கிடையாது.

அந்த மாசம்தான் புத்தகம் கிடைத்தது. என் அண்ணன் தர்மராஜ் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறான். அக்காவை ஒரு தடவைகூட வந்து பார்க்காதவன். யாரோ சைக்கிள் கேரியரில் விட்டுப்போனதாக ஒரு புத்தகத்தை வீட்டில் போட்டான். கலர் அடிக்கிற புத்தகம். நடுவில் பின் அடித்தது. பக்கத்துக்கு ஒரு படம், வெறும் கோடு. அட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டு ஒரு ராஜகுமாரி. அவள் தோளில் ஒற்றைக்கண் வாத்து.

எனக்கு எட்டு வயதில் குடும்பக் கட்டுப்பாட்டு வேன் எங்கள் ஊருக்கு வந்து திரை கட்டியது. கூட்டம் சேர்க்க முதலில் ஒரு பொம்மைப்படம் ஓட்டினார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் இந்த ராஜகுமாரி முடியை வெட்டி எறிந்துவிட்டுப் படகைத் திருடிக்கொண்டு கடலில் போகிறாள். ஆளுயர அலை, சுறா, எரிகிற தீவு. பாதியில் மழை வந்தது. வேன்காரர்கள் திரையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "அப்புறம் இன்னாக்கா ஆச்சு?" என்று மாசக்கணக்கில் அவளை அரித்தேன். "இன்னா ஆவும்? போய்கினே கீறா," என்பாள்.

புத்தகத்தைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தக் குருட்டு வாத்து," என்றாள். அப்புறம், "மீதிக் கத கீதா இதுல?"

"கீது. ஒண்ணொண்ணா தர்றேன். நீ கலர் அடிச்சாதான் அடுத்தது."

ஆபீஸில் ஸ்டென்சில் தாளைப் படத்தின்மேல் வைத்து இரும்பு எழுத்தாணியால் கோடு இழுத்தேன். சைக்ளோஸ்டைல் மிஷினில் வாரத்துக்கு ஒரு படம், நாற்பது காப்பி. எமர்ஜென்சி நேரம். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கெல்லாம் மெமோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சர்க்கார் காகிதத்தைத் திருடினேன். அதற்கு வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேறு இருக்கிறது.

குழந்தைகள் வார்டில் ராஜகுமாரிக்குப் பச்சை முகம் வந்தது, சிவப்பு முடி வந்தது. பெண்கள் வார்டில் அவள் சுங்குடிச் சேலை கட்டினாள். முனியம்மா பென்சிலைக் கையோடு துணியால் கட்டிக்கொண்டு அடித்தாள். ராஜகுமாரியின் விரல்களை மட்டும் விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கில்லாதது அவளுக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். அக்கா ராஜகுமாரியைக் கருப்பாக அடித்தாள், எங்கள் வீட்டுக் கருப்பு. விரல்கள் நிமிர்ந்தன. மோசஸ் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாமரைக்கு வேல போச்சு," என்றார்.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். வார்டில் எந்தப் பென்சிலாக இருந்தாலும் வாழைக்காய் மொத்தத்துக்குத் துணி சுற்றியிருக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும். "உன் கைக்கு வலி தெரியாது. கண்ணாலதான் வலிய பாக்கணும்," என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்வார். பிடி தெரியாதவர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள், மெல்லிய பென்சில் அரிவாள் மாதிரி இறங்கும் என்பார். எனக்கும் சொன்னார். இரண்டு தடவை.

தீபாவளி கழிந்து டாக்டர் அக்காவிடம் நோய் போய்விட்டது, பொங்கலுக்கு அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்றைக்கே நைனாவிடம் சண்டை போட்டேன்.

"நீ இட்டுகினு வரலன்னா, டீக்கடையில நின்னு எங்கக்கா எங்க கீறான்னு நானே சொல்லுவேன்."

"படிக்க வச்சதுக்கு நல்லா பண்றடி," என்றார்.

"எதுக்குப் படிக்க வச்சன்னு எனக்குத் தெரியும்."

நைனா ரொம்ப நேரம் கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "கைல கட்டு இருக்கக்கூடாது. கட்டோட வந்து எறங்கினா ஊரு இன்னா கேக்கும்? கட்டு இல்லாம இருந்தா பெங்களூர்லேந்து வந்துட்டான்னு சொல்லிக்கலாம்."

"கட்டு எதுக்கு வரப்போவுது? கை நல்லாத்தான் கீது."

தை பத்து, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள் என்று வாடகைக் காருக்குச் சொல்லி வைத்தார்.

புத்தகத்தில் ஐந்து படம் பாக்கி இருந்தது. கடைசிப் படத்தில் படகு கரைக்கு வந்திருந்தது. அரண்மனைக் கதவு திறந்திருந்தது. கிழ ராஜா கிரீடம் சரிய, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படிகளில் ஓடி வந்துகொண்டிருந்தார். அதை அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மீதி நாலையும் மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை ஒன்றாகக் கொண்டுபோனேன். கூடவே கடைத்தெருவில் வாங்கிய புது டப்பா, பன்னிரண்டு கலர் பென்சில். வார்டுப் பென்சிலில் வாத்தின் கண்ணுக்குள் அடிக்க முடியவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பையில் துணியும் கொண்டுபோயிருந்தேன். கிழிக்க ஆரம்பித்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டீ. துணி சுத்தினா நோயாளி பென்சிலாப் பூடும். உன்ன மாதிரி புடிச்சி ஒரு தபா அடிக்கிறேன்."

"மோசஸண்ணன் திட்டுவாரு."

"அவருக்கு யாரு சொல்றது? நாலு தாளு. வூட்டுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடணும்."

பென்சிலை எடுத்து, நான் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். அவளிடம் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. துணியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பொங்கலுக்கு மறுநாள். கரும்பும் பொங்கலும் எடுத்துக்கொண்டு போனேன். நாலு தாளும் தலையணைக்கு அடியிலிருந்து வந்தன. அச்சுப் போட்ட மாதிரி இருந்தன. அலைக்குள் அலை, கயிற்றின் ஒவ்வொரு பிரிக்கும் ஒரு நிறம். நாலாவது தாளில் வாத்தின் அலகு ஒரு மாதிரிப் பழுப்புச் சிவப்பு.

"இந்தக் கலரு சூப்பர்க்கா. எதையும் எதையும் கலந்த?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். நானும் டப்பாவைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு டப்பாவில் இல்லை.

போர்வைக்குள் இருந்த வலது கையை நான் இழுத்துத் திருப்பினேன். நடுவிரலின் பக்கவாட்டில், பென்சில் உட்காருகிற இடத்தில், தோல் பள்ளமாகத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"இது எப்ப ஆச்சு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

மோசஸ் என்னைத் திட்டவில்லை. ஒரு பென்சிலை எடுத்து அதன் ஆறு விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணாச்சேம்மா," என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை பாதி விரலை எடுத்தார்கள். எலும்புக்குள் சீழ் போயிருந்தது.

நைனாவிடம் நான் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று நினைத்தேன். எட்டு வருஷம் கழித்து மகளைப் பார்க்கிற மனுஷன் கையையா பார்ப்பான் என்று நினைத்தேன்.

தை பத்து பதினோரு மணிக்குக் கார் வந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றது. நைனா இறங்கவில்லை. அக்கா தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். எட்டு மணியிலிருந்து அங்கேதான் நின்றாள். மோசஸும் முனியம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள்.

"நைனா, நாஸ்தா துன்னியா?" என்றாள் அக்கா.

"ஆச்சும்மா." அவர் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். அதை நான் மறைக்கமாட்டேன். கண் கலங்கியது. கதவைத் திறக்கக் கைப்பிடியைக்கூடத் தொட்டார். அக்கா பெட்டியை எடுக்கக் குனிந்தாள். முந்தானை விலகியது.

நைனாவின் கை கைப்பிடியிலிருந்து இறங்கியது.

"கட்டு கீது," என்றார்.

"பென்சில் பட்ட காயம் நைனா," என்றேன். "நான் குடுத்த பென்சிலு. எம்மேல தப்பு. நோய் போயிட்சுன்னு டாக்டர் சீட்டு கீது, பாரு."

"சீட்ட ஊர்ல யாரு படிப்பா? நீ ஒருத்திதான் படிச்சவ."

"காயம் பத்து நாள்ல ஆறிடுங்க," என்றார் மோசஸ்.

நைனா அவருடைய குட்டை விரல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டுப் பிரிக்கட்டும். வந்து இட்டுகினு போறேன்."

"சரி நைனா," என்றாள் அக்கா. நான் கத்தியது எதுவும் எனக்கு இப்போது ஞாபகமில்லை. அவள் சரி என்றது ஞாபகமிருக்கிறது. நைனா ஜன்னல் வழியாக வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அக்கா இடது கையால் வாங்கிக்கொண்டாள். கார் திரும்பிப் போனது.

கட்டுப் பிரித்தார்கள். அவர் வரவில்லை. டீக்கடையில் நின்று சொல்வேன் என்று மிரட்டியவள் நான்தானே, சொல்லவுமில்லை. சொன்னால் அந்த விரலையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், புத்தகத்தையே அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். ஓடி வருகிற கிழ ராஜாவைப் பார்த்தேன். ஆபீஸ் மேஜையிலேயே அந்தக் கடைசித் தாளை அடியோடு கிழித்துக் கசக்கிப் போட்டேன். பொய் சொல்கிற வீடு என்று எங்கள் வீட்டை ஏசிக்கொண்டே வளர்ந்தவள் நான்.

சனிக்கிழமை புத்தகத்தை அக்காவின் மடியில் வைத்தேன். "மீதி தாளு எங்க?" என்று கேட்டாள்.

"அவ்ளோதான்க்கா. போய்கினே கீறா."

"நான் அப்பவே சொல்லல?"

இடது கையால் அட்டையைத் திறந்தாள். புத்தகத்தின் முதல் தாள் நழுவித் தரையில் விழுந்தது. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதம். ஒன்றைக் கிழித்தால் மற்றது நிற்காது. படித்தவளுக்கு அது தோன்றவில்லை.

அக்கா குனிந்து அதை எடுத்தாள். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாளைப் பழையபடி உள்ளே வைத்து அட்டையை மூடினாள்.

"துணி வச்சினு கீறியா?" என்றாள் அக்கா. "பென்சிலுக்குச் சுத்திக் குடு. மொத்தமா சுத்து."

பன்னிரண்டுக்கும் சுற்றினேன்.